கருவாட்டு டப்பாவில் லெஃப்சே

சீமோன் நோர்வேயின் வடக்கு முனையில், ஒரு மீன் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடம் வேலை செய்தவர். அந்தப் பத்தொன்பது வருடமும் நோர்வேச் சாப்பாடு எதுவும் வீட்டு அடுப்பில் ஏறக்கூடாது என்பது அவர் போட்ட சட்டம். "விட்டால் நாளைக்குப் பிள்ளை புட்டைக் கண்டு இதென்னண்டு கேக்கும்" என்பார். பிறகு குடும்பத்தோடு ரொறன்ரோ வந்தார். அங்கே மோர்னிங்சைட் தெருவில் கடைக்குக் கடை புட்டு விற்கிறதைக் கண்டார். அன்றிலிருந்துதான் அவர் நோர்வேக்காரர் ஆனார். சுவரில் நோர்வேக் கொடி, வாயைத் திறந்தால் "எங்கட நோர்வேயில".

அந்த வாய் சும்மா இருக்குமா? மகள் மெலனிக்கும் அவள் விரும்பிய, ரொறன்ரோவின் வோபர்ன் பக்கத்துப் பெடியன் கிளிபோட்டுக்கும் நிச்சயம் செய்த அன்று, மாப்பிள்ளையின் தாய் கரோலினிடம் அளந்துவிட்டார்.

"நத்தார்ப் பண்டிகை எண்டால் நாங்கள் குடும்பமாய் இருந்து லெஃப்சே போடுறனாங்கள். உருளைக்கிழங்கு ரொட்டி, பேப்பர் மாதிரி மெல்லிசு. உருட்டுறது நான்தான்."

"அப்ப வாற சனிக்கிழமை வாறம் அண்ணை. எங்களுக்கும் காட்டித் தாங்கோ."

சீமோனின் மனைவி ஜோசப்பின் கையிலிருந்த கேக் துண்டைத் திரும்பத் தட்டில் வைத்தாள். மனுசன் சொன்னது பொய். முழுப் பொய்யென்றும் சொல்ல முடியாது, அதுதான் வில்லங்கம்.

நோர்வேயில் இருந்தபோது புதன்கிழமைகளில் சீமோனுக்குப் பின்னேர வேலை. அவர் கதவைச் சாத்தியதும் ஜோசப்பின் சின்ன மெலனியை மேசையில் ஏற்றி இருத்திவிட்டு லெஃப்சே போடுவாள். அவளும் வேலை செய்த அதே தொழிற்சாலையில் அவளுக்குப் பக்கத்தில் நின்று மீன் வெட்டிய நோர்வேக்காரி பழக்கியது. சாப்பிட்டது போக மிச்சத்தை ஐஸ்கிரீம் டப்பாவில் அடைத்து, மேலே 'கருவாடு' என்று எழுதி பிரிட்ஜின் அடித்தட்டில் வைப்பாள். நாள் முழுக்க மீனோடு மாரடிக்கிற மனுசன் வீட்டில் கருவாட்டைத் திரும்பியும் பாரார் என்பது அவள் கணக்கு. ஒரேயொரு குறை, வியாழன் காலையில் எண்ணினால் எப்போதும் இரண்டு குறையும். "கள்ளி" என்று மெலனியை மூலையில் முழங்காலில் இருத்துவாள். "நானில்லை" என்று பிள்ளை அழும். எந்தக் கள்ளிதான் ஒத்துக்கொள்வாள்?

இப்போது சனிக்கிழமை வருகிறது. அவள் கை ஓடினால், எங்கே பழகினாய் என்று அவர் கேட்பார். ஓடாவிட்டால், கல்யாணத்துக்கு முன்னமே சம்மந்திக்கு முன்னால் மனுசன் பொய்க்காரன்.

சனிக்கிழமை சீமோன் ஏப்ரன் கட்டி நின்றார். லெஃப்சே போடும் வீடியோ ஒன்றை மூன்று தரம் பார்த்திருந்தார். அவித்த கிழங்கை ஆவி பறக்க மசித்து, அந்தச் சூட்டிலேயே மாவைக் கொட்டினார்.

"ஆற விடுங்கோவன்" என்றாள் ஜோசப்பின், காதும் காதும் வைத்தமாதிரி.

"உனக்கென்ன தெரியும்? மா எண்டால் சூட்டோடதான் குழைக்கவேணும். இடியப்பத்துக்கும் அப்பிடித்தானே குழைக்கிறது?"

குழைத்தார். அது உருட்டுக்கட்டையில் ஒட்டியது, மேசையில் ஒட்டியது, கைக்கடிகாரத்தில் ஒட்டியது.

"அண்ணை, இது சாப்பிடவோ, சுவருக்குப் பேப்பர் ஒட்டவோ?" என்றாள் கரோலின். கிளிபோட் சிரிப்பை அடக்கக் குனிந்து தன் காலைப் பார்த்தான்.

"கிழங்கு சரியில்லை. அங்கத்தைக் கிழங்கு வேற" என்றார் சீமோன். ஆனால் காது இரண்டும் சிவந்துவிட்டன. அந்தக் காதுகளை ஜோசப்பினுக்குத் தெரியும். நோர்வேயில் முதல்நாள் மொழி வகுப்பில், தன் பெயரைச் சொல்லவும் வராமல் எழும்பி நின்றபோது இப்படித்தான் சிவந்தன.

அவள் பிரிட்ஜைத் திறந்து ஐஸ்கிரீம் டப்பாவை எடுத்தாள். மேலே 'கருவாடு'. உள்ளே முந்தின நாளே மசித்து, வெண்ணெய் போட்டுக் குளிரவைத்த கிழங்கு. மாவை இப்போதுதான் சேர்த்தாள். உருட்டினாள். மேசையின் நிறம் தெரிகிற அளவுக்கு மெல்லிதாய் வந்தது. மெலனி பள்ளிக்கூடத்தில் கோடு கீறின பழைய அடிமட்டத்தை அடியில் விட்டுத் தூக்கி, தோசைக்கல்லில் விரித்தாள்.

"அக்கா, உங்கட கை பறக்குதே!" என்றாள் கரோலின்.

சீமோன் கையைப் பார்க்கவில்லை. டப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றார். கேள்வி வரப்போகிறது என்று ஜோசப்பின் அவர் முகத்தைப் பாராமல் இரண்டாவதை உருட்டிக் கல்லில் விரித்தாள். மெலனி முதல் லெஃப்சேக்கு வெண்ணெய் பூசி, சீனியும் கறுவாப்பட்டைத் தூளும் தூவி, சுருட்டித் தகப்பனிடம் நீட்டினாள். அவர் கடித்தார், கண்ணை மூடிச் சப்பினார்.

"இஞ்சேர், கறுவா காணாது. அங்க இன்னும் கொஞ்சம் கூடப் போடுறனீ."

கல்லில் கிடந்த லெஃப்சே கருகத் தொடங்கியது.

"அங்க உங்களுக்கு ஆர் தந்தது?" என்றாள் ஜோசப்பின்.

சீமோன் மிச்ச லெஃப்சேயை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"அப்பா! தட் வோஸ் யூ?" மெலனி கத்தினாள். "ஒவ்வொரு வியாழக்கிழமையும் நானெல்லோ முழங்கால்ல இருந்தனான்!"

"ரெண்டுதானே எடுத்தனான். வேலையால வந்தால் பசிக்கும்."

"அதுக்குத்தானே புட்டு மூடி வைச்சிருந்தனான்?" என்றாள் ஜோசப்பின்.

"புட்டு..." சீமோன் சம்மந்தியைப் பார்த்தார், கொடியைப் பார்த்தார். "ஆறினால் தொண்டையில விக்கும்."

கரோலின் தனக்கொரு லெஃப்சேயைச் சுருட்டிக்கொண்டாள். "அண்ணை பொய் சொல்லேல்லை. குடும்பமாத்தான் செய்திருக்கிறியள். அக்கா சுட்டிருக்கிறா, நீங்கள் களவெடுத்திருக்கிறியள், பிள்ளை முழங்கால்ல இருந்திருக்கிறா."

மெலனி மூலையைக் காட்டினாள். "இருங்கோ அப்பா."

"சம்மந்தி நிக்கிறா பிள்ளை."

"நான் பாக்கேல்லை அண்ணை" என்று கரோலின் சன்னல் பக்கம் திரும்பினாள்.

சீமோன் மேசையைப் பிடித்தபடி மெல்ல இறங்கி, ஒரு முழங்காலை மட்டும் ஊன்றினார். கையில் மிச்ச லெஃப்சே இருந்தது. ஜோசப்பின் கருகியதை எடுத்து எறிந்துவிட்டு அடுத்ததைக் கல்லில் போட்டாள். பிறகு குனிந்து, அவர் கையிலிருந்ததை விரித்து, இன்னும் கொஞ்சம் கறுவா தூவினாள்.