கறுப்புப் பொத்தான்

ஃபெஸ்டியின் கையைக் கோட்டுக்குள் நுழைத்து, முன்பக்கத்தை இழுத்துவிட்டபோதுதான் டிம்ப்னா கவனித்தாள். நடுப் பொத்தானைக் காணோம்.

"இதையும் தொலைச்சு வச்சிருக்கான் பாரு," என்று தம்பியின் சவத்தைப் பார்த்தே சொன்னாள்.

பக்கத்துப் பண்ணை ஊனா சவரக் கிண்ணத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "கல்யாணமாகாதவர் கோட்டுல ரெண்டு பட்டன் இருக்கறதே பெருசுக்கா. அஞ்சு மணிக்கு ஊரே வந்து நிக்கும், வேற கிடைக்குதா பாருங்க." பிறகு சன்னலைச் சாத்தினாள். "உயிர் போயி ரெண்டு மணி நேரமாச்சு. வெளிய போக வேண்டிய ஆவி போயிருக்கும். இனியும் திறந்து வச்சா திரும்பி வந்துடும்."

தேநீருக்குத் தண்ணீர் வைக்க அவள் அடுப்படிக்குப் போனாள்.

ஃபெஸ்டி எதையும் தூக்கி எறியாதவன். கட்டிலுக்கு அடியிலிருந்த அவனுடைய புகையிலை டப்பாவை டிம்ப்னா திறந்தாள். ஆணிகள், தூண்டில் முட்கள். அடியில், நூல் கோத்த ஒரு பெரிய கறுப்புப் பொத்தான்.

அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

அப்பாவின் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டிலிருந்து அதை அறுத்தவள் அவள். அப்போது பத்து வயது. பொத்தானின் இரண்டு கண்ணிலும் நூலைக் கோத்து, முறுக்கி, இரு கையாலும் இழுத்தால் விர்ரென்று சுற்றும். அப்பாவின் காலடி கேட்டதும் நூலை உருவிப் போட்டுவிட்டு, பொத்தானை மாட்டுக்கொட்டகைச் சுவரின் கல்லிடுக்கில் செருகினாள். நூலைப் பொறுக்கி எடுத்தது ஏழு வயது ஃபெஸ்டி. நூலும் கையுமாக அகப்பட்டு, அப்பாவிடம் இடுப்புவாரால் அடி வாங்கியதும் அவன்தான். அவள் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் இடுக்கில் கை விட்டாள், பொத்தான் இல்லை. காக்கை கொண்டுபோயிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

அறுபத்திரண்டு வருடம். இந்தத் திங்கட்கிழமை இதே கட்டிலருகே உட்கார்ந்து, "அப்பா கோட்டு ஞாபகம் இருக்காடா?" என்று ஆரம்பித்தாள். "சிவப்புப் பசு கன்னு போட்டுச்சா?" என்று அவன் பேச்சை மாற்றிவிட்டான்.

நூலைத் தடவிப் பார்த்தாள். புது நூல். போன கோடையில் கால்வே நகரிலிருந்து அவளே அவனுக்கு வாங்கி வந்த தூண்டில் நைலான்.

"உனக்குத் தெரிஞ்சேதான் இருந்திருக்கு, இல்லடா?" என்றாள்.

விரல்களில் மாட்டி, முறுக்கி, இழுத்தாள். முதலில் திக்கியது. பிறகு சுற்றியது.

"பட்டன் கிடைச்சுதாக்கா?" அடுப்படியிலிருந்து ஊனா கேட்டாள்.

"இல்ல. ஜெபமாலை சுத்தின கையை மேல வச்சிட்டா தெரியாது."

"அது என்ன சத்தம்? வண்டு ஏதும் உள்ள வந்துடுச்சா? சன்னலைத் திறந்து விரட்டட்டுமா?"

"வேணாம் ஊனா," என்றாள் டிம்ப்னா, இழுப்பதை நிறுத்தாமல். "சாத்தியே இருக்கட்டும். வந்தது உள்ளயே இருக்கட்டும்."