கேட்காமல் போட்ட தரை

பித்தப்பையை எடுத்த பிறகு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று, அவளை நேராக வீட்டுக்குள் போக விடவில்லை. ஒரு பக்கம் கணவனும் மறுபக்கம் அண்ணனும் கையைப் பிடித்துப் பின்புறக் கொட்டகைக்கு அழைத்துப் போனார்கள். டிரெய்லர்மேல் நின்ற படகின் தார்ப்பாயை அண்ணன் ஒரே இழுப்பில் உருவினான்.

அது அவளுடைய படகு. டவுன் பஸ் ஓட்டிச் சேர்த்த பணத்தில் வாங்கியது. சின்ன அலுமினியப் படகு, தட்டையான அடி, மூன்று பேர் உட்காரலாம். லீவு நாளில் தனியாக ஏரிக்குப் போய் மீன் பிடிப்பாள். வாங்கியபோது உள்ளே வெறும் குறுக்குச் சட்டங்கள்தான். கால் தடுக்கும், தகடு டம்மென்று சத்தம் போடும், மீன் ஓடிவிடும். ஒரு மழைக்காலம் முழுக்க அட்டையை வெட்டி அளவு பார்த்து, ப்ளைவுட்டில் மூன்று பலகைகள் அறுத்து, ஓரத்தைத் தேய்த்து, அடியில் பழைய ரப்பர் மிதியடியை ஒட்டி, சட்டங்களின்மேல் படிகிற மாதிரி சமதரை போட்டிருந்தாள். ஒரு ஆணி கிடையாது. தண்ணீர் இறைக்க வேண்டுமென்றால் பலகையைக் கையால் தூக்கினால் போதும்.

இப்போது அந்தத் தரை இல்லை. ஒரு சாண் உயரத்தில் புதுத் தரை. அதன்மேல் பச்சை கார்பெட். முன்னால் ஒரு சுழல் நாற்காலி. டம்ளர் வைக்கக்கூட வட்டமாக ஓட்டை போட்டிருந்தார்கள்.

"இனிமே நீ குனியவே வேண்டாம்மா. ராணி மாதிரி உக்காந்து தூண்டில் போடு" என்றான் அண்ணன். சமையலறை அலமாரி செய்வது அவன் தொழில்.

"என் பலகை எல்லாம் எங்க?"

"அதுக்குப் பேரு பலகையா?" என்று சிரித்தான். கணவனும் கூடச் சேர்ந்து சிரித்தான்.

அவள் உள்ளே போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். தையல் வலிக்கிறது போலிருக்கிறது என்று இருவரும் பேசிக்கொண்டது காதில் விழுந்தது.

கனமான எதையும் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் அவளால் அதைப் பிடுங்கிப் போட முடியவில்லை. உடம்பு விசாரிக்க வந்தவர்களையெல்லாம் கணவன் கொட்டகைக்கு அழைத்துப் போனான். அண்ணி வந்து, இப்படி ஒரு அண்ணன் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும், எனக்கு ஒரு மணைகூடச் செய்து தந்ததில்லை என்று குறைபட்டாள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு காபி கொடுத்தாள்.

கணவனிடம் மட்டும் எடுத்துச் சொன்னாள். தரை உயர்ந்தால் மேலே நிற்கிற ஆளின் கனமும் உயரும், பஸ் கூரையில் மூட்டையை ஏற்றி வளைவில் திருப்புகிற மாதிரி படகு சாயும் என்றாள். அவன் கேட்கவில்லை. மச்சான் தன் வேலையை விட்டுவிட்டு ராப்பகலாகச் செய்தார், ஒரு நன்றி சொன்னால் வாய் தேய்ந்துவிடுமா என்றான். அன்று இரண்டு பாத்திரங்கள் நசுங்கின.

டாக்டர் வேலைக்குப் போகலாம் என்று சொன்ன வாரம், அண்ணனே வந்து நின்றான். ஏறிப் பார்த்துவிட்டுப் பேசு என்றான். மூன்று பேரும் ஏரிக்குப் போனார்கள்.

கரை தள்ளிப் போகும்வரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து, பார்த்தாயா என்று ஒரு சுற்றுச் சுற்றினான். படகு ஒரேயடியாகச் சாய்ந்தது. கணவன் அலறிக்கொண்டு மறுபக்கம் தாவ, அந்தப் பக்கம் சாய்ந்தது. தூண்டில் பெட்டி தண்ணீருக்குள் போயிற்று. அவள் சட்டென்று மண்டியிட்டுத் தாழ உட்கார்ந்து படகை நிதானப்படுத்தினாள். துடுப்புப் போட்டபோது படகு கனத்து இழுத்தது. கார்பெட்டில் கை வைத்தாள். சொதசொதவென்று இருந்தது. அடியில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. எவ்வளவு என்று பார்க்க வழியில்லை, இறைக்கவும் வழியில்லை. தரையை ஸ்க்ரூ போட்டு முடுக்கியிருந்தார்கள்.

இருவரையும் அசையாமல் உட்காரச் சொல்லிவிட்டு அவள்தான் துடுப்புப் போட்டாள். ஒவ்வொரு இழுப்புக்கும் தையல் போட்ட இடம் சுண்டியது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்; கரையில் கால் வைத்ததும் அண்ணன், படகே பழசு, அதுதான் ஒழுகுகிறது என்றான்.

மூன்று பேரும் வீட்டுக்கு வந்ததும் அவள் ஈர உடையோடு கடப்பாரையை எடுத்தாள். கணவன் தடுக்க வந்தான், அவள் பார்த்த பார்வையில் நின்றுவிட்டான். கார்பெட் கிழிந்தது, பலகை பெயர்ந்தது. நீளமான ஸ்க்ரூக்கள் நாலைந்து, சட்டத்தையும் தாண்டி அடித்தகட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே நின்றன.

புதுத் தரையைத் தாங்கிய முட்டுக்கட்டைகளில் பென்சில் கோடுகள் தெரிந்தன. அவள் போட்ட கோடுகள். ஒன்றைப் பிடுங்கித் திருப்பினாள். அடியில் ரப்பர் மிதியடி ஒட்டியிருந்தது.

"யாரு அறுத்தது?"

"நான்தான்" என்றான் கணவன். "முட்டுக்குத் தடிமன் சரியா இருந்துச்சு. சும்மாதானே கிடக்குதுன்னு..."

"டாக்டர் எனக்கு முன்னபின்ன தெரியாத ஆளு. என் உடம்புல கத்தி வைக்கறதுக்கு முன்னாடி அவரு என்னைக் கேட்டாரு. நீங்க ரெண்டு பேரும் கேட்டீங்களா?"

"நல்லது செய்யப்போய் எனக்கு இது தேவைதான்" என்றான் அண்ணன்.

"நல்லதா? உனக்கு ரம்பம் ஓட்ட ஒரு சாக்கு வேணும், ஊர் மெச்சணும். என் வேலையை அறுத்து உன் வேலைக்கு முட்டுக் குடுத்துட்டு, அதையும் நானே பாராட்டணுமா? வெளிய போண்ணே. சுழல் நாற்காலியையும் தூக்கிட்டுப் போ."

அவன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டுதான் போனான். அதற்கப்புறம் இருவரோடும் அவளுக்குப் பேச்சு நின்றுபோயிற்று. அண்ணன் கடையில் அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்து அளவு எழுதுகிறான் என்று அண்ணி போனில் சொன்னாள்.

துளைகளை அடைக்க அவளும் கணவனும் வெல்டரிடம் படகைக் கொண்டு போனார்கள். எந்தப் புத்திசாலி இதைத் துளைத்தது என்று வெல்டர் கேட்டான். கணவன், நான்தான் என்றான். அந்த ஒரு சொல்லுக்காக அவள் திரும்பும் வழியில் அவனோடு இரண்டு வார்த்தை பேசினாள்.

புதுப் பலகைகளை அவளே அறுத்தாள். அவன் பலகையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டான், கருத்து எதுவும் சொல்லவில்லை. முதல் தடவை ஏரிக்கு அவள் தனியாகத்தான் போனாள். கோபம் ஆறவில்லை. தூண்டிலை வீசிய வேகத்தில் ஒரு மீனும் பக்கத்தில் வரவில்லை.

சில வாரம் கழித்து அவனையும் ஏற்றிக்கொண்டாள். நடுப் பெஞ்சில் முழங்கால்மேல் கை வைத்து, வகுப்பில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தான். கயிற்றை நகர்த்தவா என்று கேட்டான். காலை நீட்டலாமா என்று கேட்டான். பிறகு, இந்தப் பையை அங்கே வைக்கட்டுமா என்றான்.

"இதுக்கெல்லாமா கேப்பீங்க?" என்று எரிந்து விழுந்தாள். "சும்மா வையுங்க."

அவன் வைத்தான். கொஞ்சம் தள்ளித்தான் வைத்தான். அவள் அதை எடுத்து, தான் வைக்கிற இடத்தில் வைத்துக்கொண்டாள்.