நாற்பதாம் கட்டம்

பத்து மணி நேரம். அறுவை சிகிச்சைக்கு முன் எட்டு நாளுக்குள் அப்பா அவ்வளவு நேரம் விளையாடியாக வேண்டும் என்று மருத்துவமனையில் ஒரு டேப்லெட்டைக் கொடுத்தனுப்பினார்கள். படங்களை ஞாபகம் வைத்து ஜோடி சேர்க்கும் விளையாட்டு. மூளைக்கு முன்கூட்டியே இப்படி வேலை கொடுத்தால், மயக்கம் தெளிந்த பிறகு குழப்பம் வருவது குறையலாம் என்றார் நர்ஸ்.

அந்தக் குழப்பம் மகளுக்குத் தெரியும். அப்பா லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். போன தடவை குடலிறக்க அறுவை சிகிச்சை முடிந்ததும் கட்டிலையே லிஃப்ட் என்று நினைத்துக்கொண்டு, "நடுவுல நிக்குது, யாரும் குதிக்காதீங்க" என்று மூன்று நாள் வார்டையே மிரட்டினார். அவளைப் பார்த்து, "நீ எந்த மாடிம்மா?" என்றார். இப்போது முழங்கால். இந்த முறை தெளியாமலே போய்விட்டால்?

விளையாட்டின் கணக்கு அவள் போனுக்கு வந்துவிடும். முதல் நாள் ஐந்தாம் கட்டம். மூன்றாம் நாள் பத்தொன்பது. அவளுக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. அலுவலகத்தில் கேட்டவர், கேட்காதவர் எல்லோரிடமும் சொன்னாள். வீட்டுக்குப் பேசினால் அம்மா எடுப்பாள்.

"அப்புறம் பேசு. ஜோடி தப்பிடும்."

"யாருக்கு?"

"அப்பாவுக்குத்தான். தொந்தரவு பண்ணாத."

எட்டாம் நாள், நாற்பது.

அறுவை சிகிச்சைக்கு மறுநாள் காலை நர்ஸ் வந்தார்.

"ஐயா, இது என்ன இடம்?"

"ஆஸ்பத்திரி. உங்க லிஃப்ட் கதவு ரெண்டாவது மாடியில இழுக்குது. ஆள் வரச் சொல்லுங்க."

மகளுக்குப் பகீரென்றது. நர்ஸ் சிரித்தார். "நிஜமாவே இழுக்குதும்மா, ஒரு வாரமா. ஐயா, இவங்க யாரு?"

"எம்பொண்ணு. இன்னும் தலை சீவல."

"நாப்பது கட்டம் முடிச்ச ஆளாச்சே, சும்மாவா?"

"நானா? நான் அதைத் தொட்டதே இல்லையே."

நர்ஸின் சிரிப்பு நின்றது. மகள் கட்டிலருகே குனிந்தாள்.

"அப்பா, எட்டு நாளா விளையாடினீங்களே."

"சத்தியமா இல்ல கண்ணு."

"டாக்டரைக் கூட்டிட்டு வரேன்" என்று நர்ஸ் திரும்பினார்.

அம்மா ஜன்னல் வழியே ஆகாயத்தை ஆராய்ந்துகொண்டிருந்தாள். அவள் மடியிலிருந்த பைக்குள் ஏதோ 'டிங்' என்றது. பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நர்ஸ் வாசலைத் தாண்டப் போனார்.

"நில்லுங்க சிஸ்டர்" என்றாள் அம்மா, ஆகாயத்தைப் பார்த்தபடியே. "அவரு தெளிவாத்தான் இருக்காரு. விளையாடினது பூரா நான்."