பெட்டிக்கடைக்கு வந்தவள்

கயிற்றின் நுனியில் நெருப்பு கண் சிமிட்டிக்கொண்டிருந்தது, பாளையங்கோட்டையில் செல்லத்துரையின் பெட்டிக்கடையில் சிகரெட் பற்றவைக்கத் தொங்கும் கயிறு, எத்தனை வருஷமாக அதன் பக்கம் குனிந்திருக்கிறார் ஆவுடையப்பன், கல்யாணமான மறுநாளும் குனிந்தார், மகள் பிறந்த சேதி வந்தபோதும் குனிந்தார், அப்பாவுக்குக் கொள்ளி வைத்துவிட்டு வந்த சாயங்காலம், அவரைக் கொண்டுபோனது இதே புகைதான் என்று தெரிந்தும் குனிந்தாரே, அந்த வெட்கங்கெட்ட மனசை என்ன சொல்ல. இனிமேல் குனியக்கூடாது, இப்படியே போனால் சிலிண்டர் வைத்துத்தான் மூச்சு விடணும் என்று டாக்டர் சொல்லிவிட்டார், ஆஸ்பத்திரியில் ஆலோசனை சொல்கிற பெண்ணோ, ஒத்தையில கஷ்டம் சார், வீட்ல யாரையாவது துணைக்கு வச்சுக்கோங்க என்றாள், பஸ்ஸில் திரும்பும்போது மனைவி உலகம்மாளிடம், நீதான் துணைக்கு இருக்கணும் என்றார், நான் என்னத்தச் செய்ய முடியும் என்று அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

சிகரெட்டை விட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை, கால் தானாக இங்கே வந்து நிற்கிறது, ஒண்ணே ஒண்ணு குடும் அண்ணாச்சி என்கிறார், ஆளைக் கண்டதுமே பாக்கெட்டை உருவுகிற செல்லத்துரை இன்றைக்கு அசையவில்லை, உங்களுக்குக் கிடையாது, யாவாரம் போனாப் போவுது என்கிறார், கோபம் உச்சிக்கு ஏற, ஆவுடையப்பன் வேறு கடைக்குத் திரும்புகிறார், எங்க போனாலும் கிடைக்காது அண்ணாச்சி, நேத்து மதினி வந்தாவ, இந்தத் தெருவுல ஒரு கடை பாக்கியில்ல, எங்க வீட்டுக்காரருக்குக் குடுக்காதீங்கன்னு ஒவ்வொருத்தர்ட்டயும் கையெடுத்துக் கும்பிட்டாவ என்கிறார் செல்லத்துரை.

உலகம்மாளா, நாலு ஆம்பிளைகள் புகை விடுகிற இடம் என்று எதிர்ப்பக்கமாக ஒதுங்கி நடக்கிறவளா, அவள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு இந்தப் பலகையின் முன்னால் நிற்கிறாள், நேற்றா இப்போதா, கும்பிடுகிற கை அவருக்குத் தெரிகிறது, அவள்மேல் இப்படியொரு பிரியம் தனக்குள் இருந்ததே அவருக்குத் தெரியாது.

போனை எடுத்தார். ஏட்டி, கடைக்கு முன்னால நிக்கேன், என்னால முடியல, கொஞ்சம் வாயேன் என்றார், குரல் உடைந்துவிட்டது. அங்கனயே நில்லுங்க என்றாள். மாவுக் கையோடு ஓடிவந்தாள், ஏசுவாள் என்று பார்த்தார், ஏசவில்லை, புகைத்துக்கொண்டிருந்தவர்கள் விலகி வழிவிட, அவர் தோளை ஒட்டி வந்து நின்றாள். எல்லாரும் பாக்காவ, போவோமா என்று கேட்டார்.

பாக்கட்டும், உங்களுக்கு அந்த ஆசை அடங்கட்டும், அதுவரைக்கும் நானும் நிக்கேன் என்றாள்.