மூலையில்லாத ஒட்டு

ஜீப்பிலிருந்து சவப்பெட்டியை இறக்கும்போது மூடி சறுக்கியது. அதில் துருத்திக்கொண்டிருந்த ஆணி, உள்ளே பிடித்திருந்த வெள்ளைத் துணியைத் தலைமாட்டில் ஒரு சாண் நீளத்துக்குக் கிழித்துவிட்டது.

"சதிச்சுட்டுதே! வேற துணியும் கொண்டு வரல்ல," என்றார் பெட்டி செய்த குட்டப்பன். "மூணு மணிக்கு எடுக்கணும். தைக்க இப்ப ஆரெத் தேட?"

அமரவிளை ரோட்டில் ஓடிய கார், ஜீப், பஸ் எல்லாவற்றின் கிழிந்த சீட்டையும் தைத்துக்கொடுத்த வேதமாணிக்கம் உள்ளே கட்டிலில் கிடந்தார். பெட்டி வந்ததே அவருக்குத்தான்.

மகன் ராஜதாஸ் கைகளைப் பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றான். துபாயிலிருந்து லீவில் வந்து பதினோரு நாள். ஏசி ஆபீசில் டைப் அடிக்கிறவன் என்று ஊரை நம்பவைத்திருந்தான். உண்மையில் அங்கே ஒரு ஒர்க்‌ஷாப்பின் பின்கட்டில் கார் சீட் தைத்துக்கொண்டிருந்தான். நூல் இழுத்து இழுத்து ஆள்காட்டி விரலில் பள்ளமே விழுந்திருந்தது. துபாய்க்காரன் என்றால் செண்டு மணக்க வேண்டும், பசை மணக்கக் கூடாது.

குடியிருந்த உரிமையில், குடிகிடப்பாகக் கிடைத்த பத்து சென்ட் மனையில், ரோட்டைப் பார்த்து அப்பாவின் தையல் கொட்டகை இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன் பெருங்கடவிளை பொன்னுதாஸ் வாத்தியார் தன் மகளைக் கொடுப்பதற்காக வீடு பார்க்க வருகிறார் என்றதும், அதைப் பிரித்துவிடும்படி ராஜதாஸ் கடிதம் போட்டான். கடிதம் கிடைத்த மறுநாளே அப்பா பிரித்தார். அதன்பிறகு சும்மா உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்தே உருக்குலைந்து போனார். இந்தப் பதினோரு நாளும் அதைக் கண்ணால் கண்டும் ராஜதாஸ் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தான் செய்தது கொடுமை என்று அவனுக்குத் தெரியும்.

தங்கை ஜெஸி ஒரு பிஸ்கட் டின்னோடு வந்து அவனை அடுக்களைப் பக்கம் கூட்டிப்போனாள்.

"அண்ணா, நீ தையி."

"எனக்கு அதெல்லாம் மறந்து போச்சு ஜெஸி." முற்றத்து நாற்காலியில் இருந்த மாமனார் பொன்னுதாஸை அவன் எட்டிப் பார்த்துக்கொண்டான்.

ஜெஸி டின்னைத் திறந்தாள். வளைந்த ஊசி, மெழுகு நூல். அவற்றுக்கு அடியில் ஒரு போட்டோ. முதலாளியின் காரில் உட்கார்ந்து அவன் எடுத்து அனுப்பியது.

"டெய்லி இதெ எடுத்து வச்சுப் பாப்பாரு. உன்னெத்தான் பாக்காருன்னு நெனச்சேன். ஒரு நாளு எனக்குக் காட்டினாரு. 'இந்த ஒட்டெப் பாரு, மூல இல்ல. எனக்க மோன் தச்சதாக்கும்'ன்னாரு."

போட்டோவில் அவன் தோளுக்குப் பின்னால், சீட்டில் முட்டை வடிவத்தில் ஒரு ஒட்டு. மற்றவர்கள் சதுரமாக வெட்டுவார்கள். ஆள் ஏறி இறங்க, மூலைதான் முதலில் பெயரும். அதனால் அப்பா மூலை வைத்து வெட்டியதே இல்லை; அவனுக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்.

"இது எப்ப?"

"ரெண்டு வருசம் ஆச்சு. 'ஆருக்கும் தெரியாண்டாம், மாமனாரு வீட்டுல அவனுக்குக் கொறச்சலாயிரும்'ன்னாரு."

வந்த இரண்டாம் நாள் அப்பா கேட்டது நினைவுக்கு வந்தது. "ஆபீசுல ஏசி ரொம்பக் குளிருமா மக்கா?" குளிரும் என்று சொல்லியிருந்தான். அப்பா தலையாட்டிவிட்டு, போர்த்திக்கொள்ளச் சொன்னார்.

ராஜதாஸ் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வெளியே வந்து பெட்டியருகே மண்ணில் முட்டுக்குத்தினான்.

பொன்னுதாஸ் எழுந்து வந்தார். "மருமோனே, நீங்க எதுக்கு? ரோட்டுல கடை உண்டு, ஆளெ விளிக்கலாம்."

"வேண்டாம் மாமா. இது எனக்க வேலையாக்கும். துபாய்லயும் இதுதான் செய்யிறேன்."

மாமனார் அவனையும் ஊசியையும் பார்த்தார். பிறகு நாற்காலிக்குப் போகாமல் தள்ளி நின்றுகொண்டார். ஜெஸி அப்பாவின் வேட்டியைக் கொண்டுவந்தாள். அதில் ஒரு துண்டை மூலையில்லாமல் வெட்டி, கிழிசலுக்கு அடியில் நுழைத்துத் தைத்தான். விரல் தானாகவே ஓடியது. நூலைப் பல்லால் கடித்தான்.

வேதக்கோயில் மணி அடித்தது. உள்ளே நாலு பேர் உடலைத் தூக்கக் கட்டிலருகே குனிந்தார்கள்.

"இருங்க," என்றான் ராஜதாஸ். தையலைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே போனவன் ஓரிடத்தில் நிறுத்தினான். முடிச்சு மேலே நின்றது.

"அண்ணா, மணி அடிச்சாச்சு."

"தலையில உறுத்தும்," என்றான்.

ஊசி முனையால் முடிச்சைப் பிரித்து, நூலைத் துணிக்கு அடியில் கொண்டுபோய் மறுபடி முடிச்சுப் போட்டான். பிறகு உள்ளங்கையை அந்த இடத்தில் வைத்து அழுத்திப் பார்த்தான்.