கிணற்றிலிருந்து நேரடியாக

வெந்நீர்க் கிணற்றடிக்குப் போகும் வழி முழுக்க, யசோதரா மண்ணிறக் கண்ணாடிப் போத்தல்களை ஒரு கையாலும் ஏழு மாத வயிற்றை மறு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். ஆட்டோக்காரன் பள்ளம் பார்த்து ஓட்டுகிற ஆளாகத் தெரியவில்லை.

போன மாதம் அந்தக் கிணற்றில் பரிசோதனைக்காக அவள் எடுத்த நீரில், பிளாஸ்டிக்கை இளக்கச் சேர்க்கும் இரசாயனம் இருப்பதாக ஆய்வுகூடம் சொன்னது. கிணற்றைச் சுற்றிக் கயிறு கட்டியாயிற்று. குளிக்க வருகிறவர்களின் உடுப்பைப் பார்த்துக்கொண்டும் ஏலாதவர்களுக்கு நீர் அள்ளி ஊற்றியும் இருபது வருஷம் பிழைத்த கோணாமலைக்கு வேலை இல்லாமல் போனது.

நீரில் ஒன்றுமில்லை. அது அவளுக்கு மட்டும் தெரியும். எவர்சில்வர் கோப்பையால் அவளே மொண்டு போத்தலை நிரப்ப வேண்டும். பிளாஸ்டிக் படவே கூடாது; பட்டால் அந்த இரசாயனம் அதிலிருந்தே நீரில் ஏறிவிடும். அன்றைக்குப் பார்த்து ஒரு குடும்பம் அங்கே, செத்த தங்கள் ஆளுக்கு அந்தியேட்டிக் கிரியை செய்துகொண்டிருந்தது. "பிள்ளைத்தாச்சி இதுக்கை வரக்கூடாது. அங்கையே நில்லுங்கோ" என்று தடுத்த கோணாமலை, தன் பிளாஸ்டிக் வாளியில் அள்ளிக்கொண்டுவந்து தந்தார். படித்தவளுக்குத் தெரியாதா? தெரியும். இடுப்பு நொந்தது, வெயில் கொளுத்தியது, வாங்கி நிரப்பினாள். படிவத்தில் 'கிணற்றிலிருந்து நேரடியாக' என்று எழுதிக் கையெழுத்தும் வைத்தாள்.

இன்று காலை ஓர்ஸ் ஹில் அலுவலகத்தில், மறுபடி நீர் எடுத்துவர அனுப்பும்போது, மேலதிகாரி மஹ்ரூப் சேர் சொன்னார்: "இண்டைக்குத் தண்ணி சுத்தமா வந்தா, முதல் எடுத்ததில பிழை எண்டுதான் அர்த்தம் மிஸ். பிறகு உங்கட கொன்ராக்டை நீட்டச் சொல்லி நான் கேக்க ஏலாது."

உண்மையைச் சொன்னாலும் வேலை போகும். சொல்லாமல் ஒழுங்காக அள்ளினாலும் போகும். பிழையாக அள்ளினால் மட்டும் வேலை நிலைக்கும். ஆப்பசைத்த குரங்குதான் தான் என்று நினைத்தாள். பிள்ளை பிறக்கிற நேரத்தில் வேலையில்லாமல் வீட்டில் இருக்கப் பயமாயிருந்தது.

கிணற்றடியில் கோணாமலை மட்டும், சேட்டுப் பொத்தானெல்லாம் பூட்டிக்கொண்டு நின்றார். கிணற்றுக் கட்டின்மேல் ஒரு நீலப் பிளாஸ்டிக் வாளி நிறைய நீர் இருந்தது.

"நீங்கள் குனியக்கூடாதெண்டு அள்ளி வச்சிட்டன். பழைய வாளி ஊத்தையெண்டு ஆரும் சொல்லுவினம். இது நேத்து வாங்கினனான், புதுசு."

அவளுக்கு அவர்மேல் கோபம் வந்தது. அழுகையும் வந்தது. பையிலிருந்த கோப்பையில் கை பட்டது. எடுக்கவில்லை.

"ஐயா..." என்றாள்.

"இந்தமுறை நல்லா வரும்தானே பிள்ளை?"

போத்தலின் மூடி எப்படியோ அவள் கையில் கழன்றிருந்தது. கோணாமலை வாளியை இரண்டு கையாலும் தூக்கி, அவள் குனியத் தேவையில்லாதபடி, போத்தலின் வாய்க்கு நேரே சரித்துப் பிடித்தார்.