ஆனைக்கா ஊருக்கா தும்பிக்கை

கல்முனைக் கடைத்தெருவில் இடுப்பில் கட்டுகிற சாறன் விற்ற கலந்தர் ஒரு நாவல் எழுதினார். சிறுவர் நாவல். ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பதுகளில் அந்தக் கரையில் நாவல் எழுதுகிற மனிசனைக் கொஞ்சம் தள்ளி நின்றுதான் பார்ப்பார்கள். அதையும் பிள்ளைகளுக்கு எழுதினார் என்றால் கேட்கவே வேண்டாம். "புள்ளைகளுக்குக் கதை எழுதுவானேன், வாயால சொன்னாக் காணாதா?" என்று கடைக்கு வந்தவர் போனவர் எல்லாரும் கேட்டார்கள்.

கலந்தரிடம் எதற்கும் பதில் இருக்கும். சாறனை விரித்துக் கரையைக் காட்டிக்கொண்டே சொல்வார். "பெரிய ஆக்கள் புத்தகம் வாசிக்கிறது மத்தவன் பாக்கிறதுக்கு. பிடிக்காட்டியும் கடைசிப் பக்கம் மட்டும் போவாங்க. புள்ளைக்குப் பிடிக்காட்டி அந்த இடத்திலேயே கிழிச்சித் தோணி செஞ்சி வாய்க்கால்ல விட்டுரும். எழுதுறவனுக்கு அதவிட நேர்மையான ஆள் எங்க கிடைக்கும்?"

சும்மா சொல்லக் கூடாது, பேச்சோடு நிற்கிற ஆள் இல்லை அவர். உம்மாமாரோடு கடைக்கு வருகிற பிள்ளைகளிடம் ஒவ்வொரு அத்தியாயத்தையும் சொல்லிப் பார்ப்பார். விலை பேசி முடித்து உம்மா எழும்பும்போது பிள்ளை எழும்ப மாட்டேன் என்று அடம்பிடித்தால் அந்த அத்தியாயம் தேறிவிட்டது. பிள்ளை மூக்கைத் தோண்டினால் அன்று பின்னேரமே அது அடுப்புக்குள் போகும். இப்படி அடுப்புக்குத் தப்பிப் பிழைத்த நாவலின் பெயர், 'சூடு மிதிக்க வந்த ஆனை'.

வரிப்பத்தான்சேனைக் காட்டிலிருந்து ஓர் ஆனை வயலுக்கு வருகிறது. நெல் தின்ன அல்ல, வேலை கேட்டு. களத்தில் கதிரைப் பரப்பி எருமைகளை மிதிக்கவிட்டு நெல் பிரிக்கிற சூடு மிதிப்பு இருக்கிறதே, அதைப் பார்த்துவிட்டு, எனக்கும் நாலு கால் இருக்கிறதுதானே, என்னை ஏன் சேர்க்க மாட்டீர்கள் என்று நியாயம் கேட்கிறது. அதோடு நின்றாலும் பரவாயில்லை. அந்த ஆனைக்கு வாய் சும்மா கிடக்காது, பக்கத்துக்குப் பக்கம் கதைத்துக்கொண்டே இருக்கும்.

ஏன் ஆனை என்று கேட்டால், புள்ளைகளுக்கு ஆனை பிடிக்கும் என்பார். பொய். காரணம் அவருடைய மனைவி சபூறா. சபூறா குர்ஆன் ஓதினால் தெருவில் போகிறவர் நடையைக் குறைப்பார். அறபு எழுத்தில் எழுதின தமிழ் அவளுக்குத் தண்ணி பட்ட பாடு. தமிழெழுத்து மட்டும் தெரியாது, அவளை யாரும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. கலியாணம் முடித்த புதிதில் கலந்தர் சொல்லிக்கொடுக்கப் பார்த்தார். "எல்லாம் ஒண்ட ஒண்டு முட்டிக்கிட்டு நிக்கிது" என்று அவள் தள்ளி வைத்துவிட்டாள். ஒரேயொரு சொல்லைக் கண்டுதான் சிரித்தாள். 'ஆனை'. "இது மட்டும் தும்பிக்கையத் தூக்கிக்கிட்டு நிக்கிதே."

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டும். அப்போது 'னை' இப்போது மாதிரி இல்லை. மை, ழை, கை என்று மற்ற எழுத்துகளுக்கெல்லாம் முன்னால் இரட்டைச் சுழி போடுவார்கள். ணை, லை, ளை, னை என்ற இந்த நாலுக்கும் மட்டும் தலையில் ஒரு வளைவு எழும்பி நிற்கும், ஆனை தும்பிக்கையைத் தூக்கின மாதிரி. சபூறா சிரித்தது அதைப் பார்த்துத்தான். அந்தச் சிரிப்புக்காகத்தான் கலந்தர் முழு நாவலையும் எழுதினார். புத்தகத்தை அவள் கையில் கொடுக்க வேண்டும், எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் ஒரு சொல்லையாவது அவள் தானாக வாசிக்க வேண்டும். இந்த ஆசையை அவர் ஒருத்தரிடமும் சொல்லவில்லை, சபூறாவிடம்கூட.

கையெழுத்துப் பிரதியைக் காலிதீனின் அச்சுக்கூடத்துக்குக் கொண்டு போனார். காலிதீன் கலியாண அழைப்புக் காட்களும் கடை பில்லும் அடிக்கிற ஆள், கலந்தரை அண்ணன் முறையில் காக்கா என்பார். பிரதியைப் புரட்டிவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"காக்கா, கதை நல்லம். ஆனா ஆனை கூடிப்போச்சு."

"கூடினா என்ன?"

"னை இல்ல, காக்கா."

எழுத்துப் பெட்டியை இழுத்துக் காட்டினார். ஈய எழுத்துகள் மற்ற அறைகளில் நிறைந்து கிடந்தன. னை கிடக்க வேண்டிய அறையில் தேய்ந்து வழுக்கையான சிலதுதான் மூலையில் ஒதுங்கிக் கிடந்தன. ஏன் என்று யோசித்துப் பாருங்கள். கல்முனை, மருதமுனை, வரிப்பத்தான்சேனை. இந்தக் கரையில் ஊருக்குப் பெயர் வைத்தவர்களுக்கு வேறு எழுத்தே கிடைக்கவில்லை போல. எந்தக் காட் அடித்தாலும் அடியில் கல்முனை வரும். அடித்து அடித்து அந்த எழுத்துதான் முதலில் செத்தது.

"ஊருக்கே பத்தாம நான் திண்டாடுறன். உங்கட ஆனை வரிக்கு வரி வருது. ஒவ்வொரு பக்கமா அடிச்சாலும் பத்தாது."

"கொழும்புல எடுக்கலாமே."

"தனி எழுத்து தர மாட்டாங்க, முழு செட்டாத்தான் விப்பாங்க. அதுக்கு நான் இந்தப் பிரஸையே விக்கணும்."

கடைசியில் காலிதீனே ஒரு வழி கண்டுபிடித்தார். இருக்கிற தும்பிக்கை எழுத்து எல்லாம் ஆனைக்கு. ஒவ்வொரு பக்கமாகக் கோத்து, அடித்து, கலைத்து, அடுத்த பக்கத்துக்கு அதே எழுத்தைப் பாவிக்கிறது. வரிக்கு வரி வந்த ஆனையைக் கலந்தர் அங்கங்கே 'அது' என்று திருத்திக் கொடுக்கிறது. அதுவரைக்கும் கல்முனைக்கு, மை, கை மாதிரி இரட்டைச் சுழி போட்டுச் சமாளிக்கிறது. "ஊர்ப்பேர் ஆருக்குத் தெரியாது? எப்பிடிப் போட்டாலும் வாசிச்சிருவாங்க" என்றார். கலந்தருக்குத் தலைகால் புரியவில்லை. காலிதீனுக்கு ஒரு சாறன் சும்மா கொடுத்தார்.

கெட்ட நேரம், அந்தக் கிழமை ஹமீட் போடியாரின் மகளுக்குக் கலியாணக் காட் அடித்தது அதே பிரஸ்தான். போடியார் ஏக்கர் கணக்கில் வயல் உள்ள பெரிய மனிதர். மாப்பிள்ளை சம்மாந்துறை. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் வந்து குடியேறுவார், தெரியுமல்லவா. காட் சம்மாந்துறைக்குப் போய்ச் சேர்ந்தது. மாப்பிள்ளையின் பெரிய வாப்பா கண்ணாடியைப் போட்டு, கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுப் பார்த்தார்.

"என்ன இது, கல்முனைக்கு மூக்கு அறுந்து போச்சா? மூக்கறுந்த ஊருக்கு எங்கட மாப்பிள்ளய எப்பிடி அனுப்புற?"

பகிடிக்குத்தான் சொன்னார். ஆனால் சம்மாந்துறையில் சொன்ன பகிடி கல்முனைக்கு வந்து சேரும்போது பகிடியாக இருக்காது. போடியார் அந்தக் கலியாணக் காட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, ஊரில் நாலு பெரிய மனிதரையும் கூட்டிக்கொண்டு அச்சுக்கூடத்துக்கு வந்தார். கலந்தரையும் கடையிலிருந்து அழைப்பித்தார். உங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். அங்கே அன்று ஒருத்தரும் சிரிக்கவில்லை.

"கலந்தர், ஊர் பெருசா ஆனை பெருசா?" என்று போடியார் கேட்டார்.

கலந்தர் உண்மையிலேயே யோசித்தார். "ஊருக்குத் தும்பிக்கை இல்லாட்டியும் ஊர் ஊர்தான், போடியார். பஸ் வரும், கடல்ல மீன் படும். ஆனைக்குத் தும்பிக்கை இல்லாட்டி அது என்ன?"

"அப்ப வேற மிருகம் போடன்."

"பூனை போடலாம்" என்றார் காலிதீன் ஆசையோடு. சொல்லி முடித்த பிறகுதான் பூனைக்கும் அதே எழுத்து என்பது அவருக்கு விளங்கியது. தலையைக் குனிந்துகொண்டார்.

"எருமை?" என்றார் போடியார்.

"எருமை ஏற்கெனவே களத்துல நிக்கிது. எருமையே வந்து எருமை வேலை கேட்டா அதுல கதை எங்க?"

அச்சுக்கூடத்தில் புரூப் பார்க்கிற கதிர்காமத்தம்பி வாத்தியார் தொண்டையைச் செருமினார். தம்பிலுவில்காரர், தமிழ் படித்தவர். "களிறு என்று போடலாம். வேழம் என்றும் போடலாம். தும்பிக்கை எழுத்தே தேவைப்படாது. தமிழும் உயரும்."

எல்லாரும் வாத்தியாரை மரியாதையாகப் பார்த்தார்கள். கலந்தருக்குக் கோபம் வந்துவிட்டது. "வாத்தியார், வயலுக்குள்ள ஆனை வந்தா புள்ளைகள் என்ன சொல்லிக் கத்துங்கள்? களிறு, களிறு எண்டா? புள்ளை வாயில வராத சொல்ல புள்ளை புத்தகத்துல போட்டா அது புத்தகமில்ல, சோதினைத் தாள்."

"சரி, அப்பிடி என்ன பிடிவாதம் இந்த எழுத்துல? ஆருக்காக?" என்றார் போடியார்.

கலந்தர் வாயைத் திறந்தார். சுற்றிலும் தாடியும் தொப்பியுமாகப் பெரிய மனிதர்கள். என்ட பொஞ்சாதிக்காக என்று ஓர் ஆம்பிளை இத்தனை பேருக்கு முன்னால் எப்படிச் சொல்வது?

"புள்ளைகளுக்காக" என்றார்.

"ஓ, புள்ளைகளுக்குத்தானே" என்று போடியாருக்கு நிம்மதியாகப் போய்விட்டது. "அதுகள் எப்பிடியும் சமாளிச்சிருங்கள். தும்பிக்கை ஊருக்கு. கலைச்சுப் போடுங்க."

அவ்வளவுதான். போடியாருக்குக் காட் மறுபடி அடித்துக் கொடுத்தார்கள். ஏற்கெனவே அடித்த பக்கங்கள் சுண்டல் கடைக்குப் போயின. நாவலை, ஆனைக்கு இரட்டைச் சுழி போட்டு, முதலிலிருந்து மறுபடி அடித்தார்கள். புத்தகம் கைக்கு வந்தபோது கலந்தர் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்தார். லை, ளை, ணை எழுத்துகளுக்குக் காலிதீனிடம் ஒரு குறையும் இல்லை. அதனால் இலைக்குத் தும்பிக்கை இருந்தது, தலைக்கு இருந்தது, மலைக்கு இருந்தது. முதல் பக்கத்தில் அச்சுக்கூட விலாசத்துக்குக் கீழே கல்முனை கம்பீரமாகத் தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு நின்றது. ஆனைக்கு மட்டும் இல்லை.

புத்தகக் கட்டை வீட்டில் இருந்த சாறன் கட்டுகளுக்குப் பின்னால் மறைத்து வைத்தார். ஒளிப்பதற்கு வேறு இடமா இல்லை? வீட்டைக் கூட்டுகிறவள் சபூறாதானே. மறுநாளே ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இந்தா ஆனை நிக்கிது."

"அது கல்முனை."

ஒரு பக்கம் புரட்டினாள். "இது?"

"இலை."

"இது?"

"தலை."

"இதுதானே ஆனை?"

"அது இல்லை."

"இல்லையெண்டா என்ன?"

"இல்லை எண்டுதான் எழுதியிரிக்கி, புள்ள."

சபூறா புத்தகத்தை மடியில் வைத்தாள். "அப்ப உங்கட கதைக்குள்ள ஆனை எங்க?"

கலந்தர் ஒரு வரியில் விரலை வைத்தார். தும்பிக்கை இல்லாமல், இரட்டைச் சுழிக்குப் பின்னால் அது பதுங்கி நின்றது. பிறகு எல்லாவற்றையும் சொன்னார். எழுத்துப் பெட்டியைச் சொன்னார், போடியாரைச் சொன்னார். "புள்ளைகளுக்கு எண்டு சொன்னது பொய். நீ வாசிக்கணும் எண்டுதான் எழுதினன்" என்று சொல்லும்போது சாறன் கடைக்காரர் அழுதுவிட்டார்.

சபூறா எழும்பினாள். உள்ளே போய் மைக்கூட்டையும் பேனாவையும் எடுத்து வந்தாள். "தும்பிக்கை இல்லாத எழுத்து எது எது எண்டு காட்டுங்க."

"இரட்டைச் சுழி போட்டது" என்று கலந்தர் மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னார். அவ்வளவுதான் சொன்னார்.

அவர் கடைக்குப் போய் வருவதற்குள் ஒரு புத்தகம் முடிந்துவிட்டது. இரட்டைச் சுழி கண்ட இடமெல்லாம் சபூறா தும்பிக்கை வரைந்திருந்தாள். எருமைக்குத் தும்பிக்கை வந்திருந்தது. மழைக்கு வந்திருந்தது. களத்துக்காரனின் கைக்கும் ஒன்று. கலந்தர் தலையில் கைவைத்தார். சபூறா அவரை முறைத்தாள். "எது என்ன எண்டு ஒழுங்காச் சொல்லித் தராம அழுதுகொண்டிருந்தா நான் என்ன செய்யிற?"

பிறகு ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தார். இது மை, எருமைக்கு. இது ழை, மழைக்கு. இது கை. இது னை, பார், ஆனைக்கு. எருமையை விட்டுவிட்டு ஆனையை மட்டும் பிடிக்க வேண்டுமென்றால் ரு எது, மை எது என்று பார்த்தாக வேண்டும். ஒரு புத்தகத்தில் பார்த்ததை அடுத்ததில் பார்க்க வேண்டும். கட்டு முழுக்க அதே கதைதான். சோறாக்கிய நேரம் போக மிச்ச நேரமெல்லாம் அவள் குனிந்த தலை நிமிராமல் ஆனைகளுக்குத் தும்பிக்கை வைத்துக்கொண்டிருந்தாள்.

தும்பிக்கை வைத்த புத்தகம் ஒவ்வொன்றாகக் கடைக்குப் போனது, பிள்ளைகள் அதற்கு அடிபட்டன. அதிலும் மழைக்குத் தும்பிக்கை முளைத்த அந்த முதல் புத்தகத்துக்குத்தான் பெரிய சண்டை. போடியார்கூடப் பேரப்பிள்ளைக்கு ஒன்று வேண்டுமென்று ஆள் அனுப்பினார்.

கட்டு முடிகிற அன்று கலந்தர் கணக்காகப் பகல் சோற்றுக்கு வந்தார். சபூறா கடைசிப் புத்தகத்தைக் கையில் வைத்திருந்தாள். பேனா பக்கத்தில் காய்ந்து கிடந்தது. அவள் வரையவில்லை. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

"இஞ்ச பாருங்க, இந்த ஆனை களத்துக்குள்ள வந்த பிறகு என்னத்துக்கு இவ்வளவு கதைக்குது?"

கலந்தர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"எருமைகள் பாவம், வேலை செய்யுது. இது சும்மா நிண்டு வாயடிக்குது. இதுல பாதிய நீங்க வெட்டியிரிக்கணும்."

"எந்த இடம்?" என்றார் கலந்தர். செருப்பையும் கழற்றாமல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

சபூறா வரியில் விரலை வைத்து, குர்ஆன் ஓதுகிற அதே நிதானத்தில், ஒரு சொல்லும் விடாமல் அந்தப் பக்கம் முழுவதையும் வாசித்துக் காட்டினாள். கலந்தர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார். அவள் சொன்னது சரிதான். அந்த இடம் கொஞ்சம் நீளம்தான்.